‘எனக்கு அப்பவே தெரியும்’: ஒன் ஸ்டெப் பியாண்ட் தொடரை முன்வைத்து

‘த ட்விலைட் ஸோன்’ தொடரைத் தேடிப்போன ஓர் இரவில்தான் ‘ஒன் ஸ்டெப் பியாண்ட்’ எனக்குக் கிடைத்தது. நான் தேடவில்லை. யூடியூப் தானாகவே அடுத்து ஓடவிட்டது. கறுப்பு வெள்ளை, அரை மணி நேரம், கோட் போட்ட ஒரு மனிதர் வந்து அமைதியான குரலில் பேசினார். நானும் அதே தொடரின் இன்னொரு பகுதி என்றுதான் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் கழித்துத்தான் ஏதோ இடித்தது. இந்த ஆள் சிகரெட் பிடிக்கவில்லை. கதையைக் கதை என்றும் சொல்லவில்லை. இது நடந்தது என்கிறார்.

அவர் பெயர் ஜான் நியூலண்ட். தொடரை வழங்கியவரும் அவர்தான், 96 பகுதிகளையும் இயக்கியவரும் அவர்தான். உருவாக்கியவர் மெர்வின் ஜெரார்ட். அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1959 ஜனவரி 20 முதல் 1961 ஜூலை 4 வரை ஓடியது. விளம்பரதாரர் அல்கோவா என்ற அலுமினியக் கம்பெனி. ஆவி, முன்னுணர்வு, தொலைவுணர்வு எல்லாவற்றுக்கும் காசு கொடுத்தது அலுமினியம் விற்பவர்கள் என்பதை நினைத்து எனக்கு இன்றும் சிரிப்பு வரும். பின்னாளில் பல பகுதிகளின் காப்புரிமை புதுப்பிக்கப்படாமல் போனது. அதனால்தான் இன்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் ஏற்றுகிறார்கள், நாமும் கைத்தொலைபேசியில் பார்க்கிறோம்.

பலர் நினைப்பதுபோல் இது ‘ட்விலைட் ஸோ’னின் நகல் இல்லை. அது 1959 அக்டோபர் 2ஆம் தேதிதான் தொடங்கியது. இது எட்டு மாதங்களுக்கு மேல் மூத்தது. ஆனாலும் தம்பிதான் பேர் வாங்கினான். அது நியாயம்தானா என்று யோசிக்கத் தொடங்கியதில் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் இந்தத் தொடர் வந்த காலத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன் என்பவர் 1930களிலிருந்து சீட்டுகளை வைத்து, மறைத்திருப்பதை மனதால் அறிய முடியுமா என்று சோதித்துக்கொண்டிருந்தார். 1956இல் ‘த சர்ச் ஃபார் பிரைடி மர்ஃபி’ என்ற புத்தகம் சக்கைப்போடு போட்டது. ஹிப்னாடிச மயக்கத்தில் ஓர் அமெரிக்கப் பெண் தன் அயர்லாந்து முற்பிறவியைச் சொன்னதாக வந்த புத்தகம் அது. ஆக, ஆய்வுக்கூடம் ஒரு பக்கம், வரவேற்பறை வதந்தி ஒரு பக்கம். நியூலண்ட் இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டார். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் வந்து இது மனிதர்களின் அனுபவம், பதிவில் இருப்பது என்பார். முடிவில் வந்து இதை எப்படி விளக்குவது என்று கேட்பார். விளக்கமாட்டார். நம்மையும் கட்டாயப்படுத்தமாட்டார். மரியாதையாகப் போய்விடுவார்.

இந்த மரியாதைதான் முதலில் எனக்கு எரிச்சலைத் தந்தது.

‘ட்விலைட் ஸோ’னை உருவாக்கிய ராட் செர்லிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1955இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயது கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டான். அதிலிருந்து உந்துதல் பெற்று செர்லிங் எழுதிய தொலைக்காட்சி நாடகத்தை விளம்பரதாரரும் மற்றவர்களும் கைவைத்துக் கைவைத்து, கதை நடக்கும் ஊரையும் கொல்லப்படும் ஆளையும் மாற்றி, சாரமே இல்லாமல் 1956இல் ஒளிபரப்பினார்கள். நேரடியாகச் சொல்ல முடியாததை வேற்றுக்கிரகத்தை வைத்துச் சொல்லலாம் என்று அவர் கண்டுகொண்டது இப்படியான அனுபவங்களில் இருந்துதான். ‘த மான்ஸ்டர்ஸ் ஆர் டியூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்’ பகுதியில் மின்சாரம் போன ஒரு தெருவில் அண்டை வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டு அழிந்துபோகிறார்கள். முழுக் கற்பனை. ஆனால் அந்த வருடத்து அமெரிக்கா அதில் இருக்கிறது.

‘ஒன் ஸ்டெப் பியாண்ட்’ தலைகீழ். எல்லாம் உண்மை என்கிறது. ஆனால் 1959ஆம் ஆண்டின் அமெரிக்கா அதில் கிட்டத்தட்ட இல்லை. ‘உண்மைச் சம்பவம்’ என்று சொல்லிவிட்டால் எழுத்தாளருக்கு ஒரு பெரிய வேலை குறைந்துவிடுகிறது. ஏன் இந்தக் கதை, ஏன் இந்த மனிதர், முடிவில் என்ன ஆனது என்று யாரும் கேட்கமாட்டார்கள். நடந்துச்சு, அவ்வளவுதான். பலவீனமான பகுதிகளில் இது அப்பட்டமாகத் தெரியும். ‘இஃப் யூ சீ சாலி’ என்ற பகுதியில் சாலையில் நிற்கும் ஒரு பெண்ணை லாரிக்காரர் ஏற்றிக்கொள்கிறார். மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. காராக் நெடுஞ்சாலையில் ராத்திரி கார் ஓட்டிய யாரைக் கேட்டாலும் அவருடைய சித்தப்பாவின் நண்பருக்கு இது நடந்திருக்கும். ஊர் ஊராக உலாவும் ஒரு நாட்டார் கதையைப் பதிவேட்டில் இருக்கும் சம்பவமாகக் காட்டும்போது கதைக்கும் கௌரவம் இல்லை, பதிவேட்டுக்கும் கௌரவம் இல்லை.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் இது வழக்கமான ஒப்பீடாக முடிந்திருக்கும். ஆனால் நான் தொடர்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தேன். தூக்கம் வராத இரவுகளில் இரண்டு இரண்டு பகுதியாக. ஏன் விட முடியவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இரண்டாவதாக ஒளிபரப்பான ‘நைட் ஆஃப் ஏப்ரல் 14த்’ பகுதியை மறுபடி பார்த்தபோது கொஞ்சம் பிடிபட்டது. திருமணம் நிச்சயமான ஓர் ஆங்கிலேயப் பெண். கனவில் குளிர்ந்த நீரில் மூழ்குகிறாள். சுற்றியிருப்பவர்கள் கல்யாணக் கலக்கம் என்கிறார்கள். மாப்பிள்ளை தேனிலவுக்கு நியூயார்க் போகலாம் என்று ஆசையாகக் கப்பல் சீட்டு எடுத்து வருகிறான். கப்பல் டைட்டானிக். (மாப்பிள்ளையாக நடித்தவர் பேட்ரிக் மெக்னீ, பிறகு ‘த அவெஞ்சர்ஸ்’ தொடரில் புகழ்பெற்றவர்.) கதை அவளோடு நிற்பதில்லை. அட்லாண்டிக்கின் மறுகரையில் ஒரு பாதிரியாருக்கும், பத்திரிகைக்குப் படம் வரையும் ஒருவருக்கும் அந்த இரவு ஏதோ தட்டுப்படுகிறது. தங்களுக்கு எது தெரிகிறது என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

இதில் பயமுறுத்தும் காட்சி ஒன்றுகூட இல்லை. முடிவு நமக்கு முன்பே தெரியும். இரவு 11.40க்குப் பனிப்பாறையில் இடிக்கும், விடிவதற்குள் ஏறக்குறைய 1,500 பேர் செத்துப்போவார்கள். பார்க்கும் நமக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒரே நிலைமைதான். தெரியும், ஒன்றும் செய்ய முடியாது. ‘எர்த்க்வேக்’ பகுதியிலும் இதே கதிதான். 1906இல் சான் பிரான்சிஸ்கோவின் ஒரு ஹோட்டலில் பெட்டி தூக்கும் பணியாளருக்கு நிலநடுக்கம் வரப்போவது முன்கூட்டியே தெரிகிறது. பெட்டி தூக்குபவன் சொன்னால் யார் கேட்பார்கள்?

இந்தத் தொடர் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இதுதான். பேய் இருக்கிறதா என்பது அதன் மேலோட்டமான கேள்வி. அடியில் இருப்பது வேறு. எச்சரிக்கை வந்ததே, ஏன் கேட்கவில்லை? சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களின் கேள்வி அது. நம் வீடுகளில் இதற்கென்றே ஒரு வாக்கியம் உண்டு: எனக்கு அப்பவே தெரியும். காலையில காக்கா விடாம கத்துச்சு, அப்பவே தெரியும். போகும்போது திரும்பிப் பார்த்தாரு, அப்பவே தெரியும். சொல்பவருக்கு அப்போது ஒன்றும் தெரிந்திருக்காது. இழப்பு வந்த பிறகுதான் அந்தக் காக்கை கத்தத் தொடங்குகிறது. அது பொய் இல்லை. திடீரென்று வந்த சாவை, திடீரென்று வரவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் வழி அது.

என் பாட்டியிடமும் அப்படி ஒன்று இருந்தது.

தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஒரு மழை நாளில் சைக்கிளில் பட்டணத்துக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மரம் ஏற்றிய லாரி. பாட்டி அன்று பொழுது சாயும் நேரத்தில் லயத்து வீட்டின் பின்கட்டில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்திருக்கிறார். வாசலில் சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தட்டி நிறுத்தும் சத்தம். கையைக் கழுவி, மழையில் நனைந்து வந்திருப்பாரே என்று துண்டை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போயிருக்கிறார். யாரும் இல்லை. திரும்பி வந்து மீதி நெத்திலியை ஆய்ந்திருக்கிறார். இருட்டிய பிறகு ஆள் வந்து சொன்னார்கள். இவ்வளவுதான் கதை. பாட்டி எப்போது சொன்னாலும் ஒரே இடத்தில்தான் நிறுத்துவார்: “துண்ட எடுத்துட்டுப் போனேன்யா.”

பதினாறு வயதில் பள்ளித் தங்கும் விடுதியில் மின்சாரம் போன ஓர் இரவில் நான் இதைச் சொன்னேன். சும்மா சொல்லவில்லை. வாசலில் ஈர டயர்த் தடம் இருந்தது என்று சேர்த்தேன். சுவர்க் கடிகாரம் நின்றுபோயிருந்தது, அது நின்ற நேரமும் தாத்தா இறந்த நேரமும் ஒன்று என்று சேர்த்தேன். “உண்மையாவா?” என்று கேட்டார்கள். “சத்தியமா” என்றேன். நல்ல வரவேற்பு. அந்த ஆண்டு முழுக்க என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். நெத்திலியும் துண்டும் ஆதாரத்துக்கு உதவாதவை என்பதால் இரண்டாவது தடவையே உதிர்ந்துவிட்டன.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. விடுமுறையில் வீட்டுக்கு வந்து பாட்டியிடமே கேட்டேன். “அந்தச் சத்தம் சரியா எத்தன மணிக்குக் கேட்டுச்சு பாட்டி? லாரி இடிச்சது எத்தன மணிக்கு?” பாட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தார். “மணி யாரு பாத்தா” என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை என்னிடம் சொன்னதே இல்லை. நானும் கேட்கவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

அதனால் ‘ஒன் ஸ்டெப் பியாண்ட்’ செய்யும் தவறு எனக்கு வெளியிலிருந்து தெரிந்த தவறு இல்லை. துக்கத்தின் வாக்கியத்தை வாங்கி அதைச் சாட்சியமாக மாற்றுவது. அப்படி மாற்றும்போது எது உதிர்கிறது என்று பார்க்கத் தவறுவது.

மிகத் தெளிவான உதாரணம் லிங்கன் பகுதி, ‘த டே த வேர்ல்ட் வெப்ட்’. தான் கொல்லப்படுவதை லிங்கன் முன்கூட்டியே கனவில் கண்டார் என்ற புகழ்பெற்ற கதையை எடுத்துக்கொள்கிறது. வெள்ளை மாளிகையில் அழுகுரல், அறை அறையாகத் தேடிப் போகிறார், ஒரு கூடத்தில் பிணம், காவலுக்குச் சிப்பாய், யார் இறந்தது என்று கேட்டால் அதிபர் என்கிறான். திரைக்காகவே செய்ததுபோல் இருக்கும் கனவு. ஆனால் இதற்கு ஆதாரமாக இருப்பது லிங்கனின் நண்பர் வார்ட் ஹில் லாமனின் நினைவுக்குறிப்பு. அது புத்தகமாக வந்தது 1895இல், லிங்கன் இறந்து 30 ஆண்டுகளுக்குப் பிறகு, லாமனே இறந்த பிறகு. வரலாற்றாசிரியர்கள் பலர் இதை நம்புவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், நல்ல ஆதாரமுள்ள இன்னொரு லிங்கன் கனவு இருக்கிறது. சுடப்பட்ட அன்று, 1865 ஏப்ரல் 14 காலையில், அமைச்சரவைக் கூட்டத்தில் அவரே சொன்னது. கடற்படை அமைச்சர் கிடியன் வெல்ஸ் சில நாட்களுக்குள் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். என்னவென்று விவரிக்க முடியாத ஒரு கலத்தில் தான் வேகமாக, தெளிவில்லாத ஒரு கரையை நோக்கிப் போய்க்கொண்டிருப்பதாகக் கனவு. போரில் பெரிய நிகழ்வுகளுக்கு முன்பெல்லாம் இதே கனவு வந்திருக்கிறது, ஆகவே நல்ல செய்தி வரும் என்று லிங்கன் எதிர்பார்த்தார். பிணம் இல்லை, சிப்பாய் இல்லை. கனவு கண்டவரே அதைத் தவறாகப் புரிந்துகொண்டார். எனக்கு இந்தக் கனவு அந்தக் கனவைவிட நூறு மடங்கு கனமாக இருக்கிறது. ஆனால் கதை சொல்லிகள் எல்லோரும் பிணம் இருக்கும் கனவுக்கே ஓடுகிறார்கள். விடுதியில் நான் கடிகாரத்துக்கு ஓடியதுபோல.

இதை எழுதும்போதுதான் கவனித்தேன். லிங்கன் சுடப்பட்டது ஏப்ரல் 14, டைட்டானிக் இடித்ததும் ஏப்ரல் 14. ஒரு நொடி முதுகு சில்லிட்டது உண்மைதான். நமக்கு அன்று சித்திரைப் புத்தாண்டு என்பது ஞாபகம் வந்ததும் சரியாகிவிட்டது.

டைட்டானிக் பகுதியின் முடிவிலும் இப்படி ஒரு சில்லிடல் வைத்திருக்கிறார்கள். மார்கன் ராபர்ட்சன் 1898இல் எழுதிய ‘ஃப்யூட்டிலிட்டி’ நாவலை நியூலண்ட் குறிப்பிடுவார். அதில் ‘டைட்டன்’ என்ற பிரம்மாண்டக் கப்பல் ஓர் ஏப்ரல் மாதத்தில் வட அட்லாண்டிக்கில் பனிப்பாறையில் மோதி மூழ்குகிறது. உயிர்காக்கும் படகுகள் போதவில்லை. இது தீர்க்கதரிசனம் இல்லையா? ராபர்ட்சன் கப்பல் கேப்டனின் மகன். தானும் வணிகக் கப்பல்களில் வேலை பார்த்தவர். கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போவதையும் படகுகள் அதற்கேற்ப கூடவில்லை என்பதையும் வேலையிலேயே பார்த்திருக்கக்கூடியவர். டைட்டானிக்கில் ஏறக்குறைய 2,200 பேர் இருந்தார்கள். 20 படகுகளில் 1,178 பேருக்குத்தான் இடம். அன்றைய சட்டத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இதை முன்கூட்டியே காண ஞானதிருஷ்டி வேண்டாம், தொழில் தெரிந்தால் போதும். 1912இல் நாவலை மறுபதிப்பு செய்தபோது டைட்டனின் எடையும் எந்திர வலுவும் கூட்டப்பட்டன என்பது கூடுதல் தகவல். தீர்க்கதரிசனத்துக்கும் திருத்திய பதிப்பு உண்டு!

ராபர்ட்சனை ஆரூடக்காரர் ஆக்குவது அவருக்குச் செய்யும் அவமரியாதை என்று நினைக்கிறேன். ஒரு நாவலாசிரியர் தன் காலத்தின் ஆணவத்தைச் சரியாகப் படித்தார். அதைப் பாராட்டத் தெரியாமல் அவரிடம் அமானுஷ்யம் இருந்தது என்கிறோம். மோசமான விமர்சனம்.

ஆதாரம் தேடும் இந்தப் பாதை கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்பதையும் தொடரே காட்டிவிட்டது. 1961 ஜனவரியில் வந்த ‘த சேக்ரட் மஷ்ரூம்’ பகுதியில் நடிகர்கள் கிடையாது, கதையும் கிடையாது. நியூலண்ட் மெக்சிகோவுக்குப் போகிறார், பழங்குடிகள் சடங்கில் உண்ணும் காளானைத் தேடி. பிறகு கலிஃபோர்னியாவில் ஆண்ட்ரியா புஹாரிச் என்ற ஆய்வாளரின் கூடத்தில், கேமரா ஓடிக்கொண்டிருக்க, அவரே அந்த மயக்கக் காளானைத் தின்று, புலன்களுக்கு அப்பாற்பட்ட அறிவு கிடைக்கிறதா என்ற சோதனைக்கு உட்படுகிறார். தொலைக்காட்சி வரலாற்றில் விசித்திரமான அரை மணி நேரம். இரண்டு வருடம் இது உண்மை, உண்மை என்று சொல்லிவந்தவர் கடைசியில் தன் உடம்பையே சாட்சியாக வைத்துவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் திரையில் நாம் பார்ப்பது கண்கள் கொஞ்சம் பளபளக்க, முகம் கொஞ்சம் மலர உட்கார்ந்திருக்கும் ஒரு கோட் போட்ட மனிதரை. அவர் உள்ளே என்ன பார்த்தார் என்பது நமக்கு வரவே வராது. அதை நமக்குக் கொண்டுவர ஒரு கதைதான் வேண்டும்.

‘த க்ளவுன்’ பகுதியைப் பாருங்கள். பொறாமை பிடித்த கணவன் தன் இளம் மனைவியைக் கொன்றுவிடுகிறான். பேச வராத ஒரு சர்க்கஸ் கோமாளியிடம் அவள் அன்பாகப் பேசியதுதான் குற்றம். அதற்குப் பிறகு அந்தக் கோமாளி அவனைத் துரத்துகிறான், ஆனால் பிம்பங்களில் மட்டும். கண்ணாடியில் தெரிகிறான், திரும்பிப் பார்த்தால் இல்லை. இதற்கும் நியூலண்ட் வழக்கமான முன்னுரை சொல்கிறார்தான். ஆனால் அந்த வெள்ளை பூசிய முகம் கண்ணாடியில் வந்து நிற்கும்போது இது எந்த ஊரில், எந்த ஆண்டு நடந்தது என்று யாராவது கேட்பார்களா? எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பேச வராதவனின் கோபம் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இங்கே, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும், நாம் ‘உண்மை’ என்ற சொல்லோடுதான் பேய்க்கதைக்குள் நுழைந்தோம். ரஸல் லீ என்ற புனைபெயரில் 1989 முதல் வந்துகொண்டிருக்கும் ‘ட்ரூ சிங்கப்பூர் கோஸ்ட் ஸ்டோரீஸ்’ புத்தகங்களைப் பள்ளிப் பேருந்தில் கை மாற்றிப் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தத் தலைப்பில் ‘ட்ரூ’ இல்லாவிட்டால் வாங்கியிருப்போமா? இன்று எழுத வரும் நண்பர்கள் சிலர் கதையைக் கொடுக்கும்போதே “இது உண்மையில நடந்தது” என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆவிக்கதைக்கு மட்டும் இல்லை, தோட்டத்துக் கதைக்கும் குடும்பக் கதைக்கும்தான். கதையில் ஏதாவது நிற்கவில்லை என்றால் அந்த ஒரு வரி முட்டுக்கொடுக்கும் என்ற நம்பிக்கை. நானும் அப்படிக் கொடுத்தவன்தான். அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி படித்துப் பாருங்கள் என்பதைத் தவிர எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்போதும் நிற்கும் பகுதி எதுவோ அதை வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது கடிகாரமாக இருக்காது.

தம்பி பேர் வாங்கியது நியாயம்தான். ஆனாலும் அண்ணனை முழுதாகக் கைவிட எனக்கு மனமில்லை. செர்லிங்கின் உலகத்தில் அமானுஷ்யம் பெரும்பாலும் ஒரு நீதிபதி. தப்பு செய்தவன் மாட்டுவான், பேராசைக்காரன் விழுவான். நியூலண்டின் நல்ல பகுதிகளில் யாரும் எதற்காகவும் தண்டிக்கப்படுவதில்லை. ஒரு பெண் கனவு காண்கிறாள், யாரும் கேட்பதில்லை, கப்பல் போகிறது. நீதியே இல்லாத அந்த இடம் எனக்குப் பாட்டியின் பின்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பார்க்க விரும்புகிறவர்கள் ‘நைட் ஆஃப் ஏப்ரல் 14த்’தில் தொடங்குங்கள். நியூலண்ட் கடைசியில் வந்து புத்தகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது சத்தத்தைக் குறைத்துவிடலாம். நான் போனமுறை அப்படித்தான் செய்தேன். அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது. எனக்கு, ஆளில்லாத வாசலில் துண்டோடு நின்ற பாட்டி அப்புறம் எப்படித் திரும்பி உள்ளே போனார், அந்த மீதி நெத்திலியை எப்படி ஆய்ந்தார் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டிருக்க வேண்டும். மணியைக் கேட்டுவிட்டேன்.